அந்தத் தவளைக்கு என்ன நிறம்?

ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கிற பெரியபட்டினத்தில் ஒரு கல்யாண வீடு. சகன் என்கிற ஒரே பெரிய தட்டில் நாலு பேராக உட்கார்ந்து சாப்பிட்டு முடித்து, பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். எல்லாரும் ஐம்பதை ஒட்டியவர்கள். இரண்டு பேர் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள், ஒருவர் சென்னைக்காரர் ஆகிவிட்டவர். மற்றவர்கள் ஊரிலேயே இருப்பவர்கள். எதிர்வீட்டு மாடி ஜன்னலைப் பார்த்து ஒருவர், "அங்கதானே தவளைப் படம் பார்த்தோம்?" என்றார். அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் வேறு பேச்சே இல்லை.

"பச்சைத் தவளை. சைக்கிள்ல போகுமே!"

"பச்சை எங்க இருந்துச்சு மச்சான்? அது கறுப்பு வெள்ளைப் படம்."

"ரெண்டும் இல்ல, மஞ்சத் தவளை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

மூன்று பேருமே அந்த ஒரே மாடியில் அந்த ஒரே கேசட்டைப் பார்த்தவர்கள்தான். யாரும் பொய் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகும் எனக்கு இது மனசை விட்டுப் போகவில்லை. படத்தைத் தேடி எடுத்து மறுபடி பார்த்தேன். அது எப்படி எடுக்கப்பட்டது என்று படித்தேன். ஒரு பொம்மைப் படத்தை நாற்பது வருஷம் கழித்தும் ஒரு கூட்டம் இப்படி உருகி உருகிப் பேசுவதற்கு, சின்ன வயசு ஞாபகம் என்பதைத் தாண்டிய காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதி அந்தப் பொம்மைக்குள் இருக்கிறது, மீதி எங்கள் கடற்கரையில் இருக்கிறது.

படத்தின் பெயர் 'தி மப்பெட் மூவி'. 1979ல் வந்தது. ஜிம் ஹென்சன் என்ற அமெரிக்கப் பொம்மலாட்டக்காரரும் அவருடைய குழுவினரும் தங்கள் பொம்மைகளை வைத்துத் திரையரங்குக்கு என்று செய்த முதல் முழுநீளப் படம். இயக்கியவர் ஜேம்ஸ் ஃப்ராலி. கதை எளிமையானது. சதுப்பு நிலத்தில் மரக்கட்டை மேல் உட்கார்ந்து ஒரு தவளை பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை வாசித்துப் பாடிக்கொண்டிருக்கிறது. வழிதவறிப் படகில் வருகிற சினிமா ஏஜென்ட் அதைக் கேட்டுவிட்டு, நீ ஹாலிவுட்டுக்குப் போகலாமே என்கிறார். தவளை கிளம்புகிறது. வழியில் ஒரு கரடி, ஒரு பன்றி, ஒரு நாய், இன்ன பிராணி என்று சொல்ல முடியாத ஒன்று என்று கூட்டாளிகள் சேர்ந்துகொண்டே போகிறார்கள். தவளைக்கால் வறுத்து விற்கிற கடைக்காரர் ஒருவர், தன் கடை விளம்பரத்துக்கு இந்தத் தவளைதான் வேண்டும் என்று துரத்திக்கொண்டே வருகிறார்.

அமெரிக்காவில் எடுத்த இந்தப் படம் பெரியபட்டினத்துக்கு எப்படி வந்தது? கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் எண்பதுகளில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. துபாய் பெட்டிக்குள் டார்ச்லைட், சோப்பு, சென்ட் பாட்டில், நூல்கண்டு இவற்றுக்கு நடுவில் துணி சுற்றி டெக் வரும், வீடியோ கேசட்டை ஓட்டுகிற பெட்டி. கூடவே நாலைந்து கேசட். எதிர்வீட்டுக் காக்கா அப்படிக் கொண்டுவந்ததில் ஒன்றுதான் இது. அவர் அதைப் பிள்ளைகள் படம் என்று தெரிந்து வாங்கினாரா, யாரோ கொடுத்ததை எடுத்து வந்தாரா தெரியாது. எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன். எங்களுக்கு அவர் காக்கா. தெரு முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடும்.

அப்போது எங்களுக்கு டிவி என்றால் ரூபவாஹினிதான். 1982 பிப்ரவரியில் இலங்கையில் அது தொடங்கியபோது சென்னைத் தொலைக்காட்சியின் அலை எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இரும்புக் குழாயைப் பனை உயரத்துக்கு நட்டு, உச்சியில் ஆன்டெனாவைக் கட்டித் தெற்கே திருப்பி வைத்தால் கடல் தாண்டி வரும் படம் தெரியும். புழுக்கமான, காற்றில்லாத ராத்திரிகளில் இன்னும் துல்லியமாகத் தெரியும். கடலுக்கு மேலே ஈரக் காற்றும் அதற்கு மேல் வெப்பக் காற்றும் அடுக்காக நிற்கும்போது, நேராகப் போய் வானத்தில் கலைந்துவிட வேண்டிய அலைகள் வளைந்து தண்ணீரை ஒட்டியே ஓடிவருவதுதான் காரணம். அதனால் புரியாத மொழியில் படம் பார்ப்பது எங்களுக்குப் பழகிப்போன காரியம். சிங்களத்தில் பேசினாலும் பார்ப்போம், இங்கிலீஷில் பேசினாலும் பார்ப்போம். உதட்டைப் பார்த்து, கையைப் பார்த்து, கதையை நாங்களே கட்டிக்கொள்வோம்.

சரி, நிறத்துக்கு வருகிறேன்.

இந்தியாவிலும் துபாயிலும் தொலைக்காட்சி இயங்கியது பால் (PAL) என்ற முறையில். படத்துக்கு 625 கோடு, நொடிக்கு 25 படம். அமெரிக்காவில் என்டிஎஸ்சி (NTSC) என்று வேறு முறை. 525 கோடு, நொடிக்கு ஏறக்குறைய 30 படம். நிறத்தைப் பதிந்து வைக்கும் விதமும் இரண்டிலும் வேறு வேறு. வளைகுடாவில் விற்ற டெக்குகளில் பல 'மல்ட்டி சிஸ்டம்', எல்லா நாட்டுக் கேசட்டையும் அவை ஓட்டிவிடும். ஆனால் அந்த மாடியில் இருந்த டிவி நம் ஊர் டிவி. அதற்கு அமெரிக்க நிறக்கணக்கு புரியாது. அதனால் கலர் டிவியிலேயே படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். கூடவே படம் மேலும் கீழுமாக உருளும். டிவிக்குப் பின்னால் ஸ்க்ரூ டிரைவரை விட்டு ஒரு திருகைத் திருகிக்கொண்டே ஒருவர் நின்றது எல்லாருக்குமே ஞாபகம் இருக்கிறது. அந்தக் கேசட் அமெரிக்கப் பதிவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆக, கறுப்பு வெள்ளை என்றவர் சொன்னது சரி. பச்சை என்றவர் எங்களுக்கு நாலு வயது இளையவர். காக்கா அடுத்த விடுமுறைக்கு வரும்போது ஒரு மல்ட்டி சிஸ்டம் டிவியைக் கொண்டுவந்தார். அதில்தான் இவர் படத்தை முதன்முதலாகப் பார்த்திருக்கிறார். அவர் சொன்னதும் சரி.

மஞ்சள் என்றவரின் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவரும் பார்த்தது கறுப்பு வெள்ளைதான். எங்கள் பக்கம் ஐப்பசி மழை இறங்கிக் கண்மாயில் நாலு விரல் தண்ணீர் நின்றவுடனே, வருஷம் முழுக்க மண் நிறத்தில் கிடந்த பெரிய தவளைகளில் ஆண் தவளைகள் எலுமிச்சை மஞ்சளாக மாறிவிடும். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் நீலமாகப் பை உப்பும். ராத்திரி முழுக்கக் கத்தும். பாட்டுப் பாடுகிற தவளை என்றால் அந்தப் பையனுக்குத் தெரிந்தது அதுதான். நிறமில்லாமல் வந்த தவளைக்கு அவன் தன் ஊர்த் தவளையின் நிறத்தைப் பூசிப் பார்த்திருக்கிறான், நாற்பது வருஷமாக அது கலையவே இல்லை.

இதை நினைக்கும்போது பிரெடெரிக் பார்ட்லெட் நினைவுக்கு வருகிறார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த உளவியலாளர். மாணவர்களுக்கு வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, நாள் கழித்து, மாதம் கழித்து, திரும்பச் சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை அவர்கள் ஊர்க் கதையாக மாறிக்கொண்டே போனது. கதையில் வந்த பூர்வகுடித் தோணி, அவர்களுக்குப் பழகிய வெறும் படகாகிவிட்டது. ஞாபகம் என்பது பெட்டியில் வைத்து எடுப்பது இல்லை, ஒவ்வொரு தடவையும் கையிலிருப்பதை வைத்துப் புதிதாகக் கட்டுவது என்று 1932ல் அவர் எழுதினார். எங்கள் பந்தலிலும் அதேதான் நடந்தது. தவளை உட்கார்ந்திருந்தது வத்தையில், அதாவது எங்கள் பக்கத்துப் படகில் என்று இரண்டு பேர் அடித்துச் சொன்னார்கள். படத்தில் அது மரக்கட்டை. ஆனால் அதே காட்சியில் ஏஜென்ட் துடுப்புப் போட்டு வருகிற படகு இருக்கிறது. கட்டையையும் படகையும் சேர்த்து எங்கள் கரையின் வத்தையாகக் கட்டிவிட்டிருக்கிறார்கள்.

ஆனால் பார்ட்லெட் சொன்னது எல்லாக் கதைக்கும் பொருந்தும். அதே மாடியில் நாங்கள் இன்னும் ஐம்பது படமாவது பார்த்திருப்போம். சண்டைப் படம், பேய்ப் படம், ரஜினி படம். அவற்றைப் பற்றிப் பேசினால் கதையைச் சொல்லுவோம், சிரிப்போம், அதோடு சரி. தவளையைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஒவ்வொருவரும் தன் வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசுவது மாதிரிப் பேசினார்கள். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் பொம்மை என்றே நான் நினைக்கிறேன்.

அந்தத் தவளை பிறந்தது 1955ல். ஹென்சனுக்கு அப்போது பதினெட்டு வயசு. அம்மா போட்டுக் கழித்த பழைய கோட்டை வெட்டித் தைத்து, பிங்பாங் பந்தை இரண்டாக அறுத்துக் கண் வைத்தார். முதலில் அது தவளையும் இல்லை, பல்லி மாதிரி ஏதோ ஒன்று. பிறகுதான் தவளையானது. அதன் முகத்துக்குள் இருப்பது ஒரு கை, அவ்வளவுதான். இமை அசையாது, புருவம் கிடையாது, கன்னம் உப்பாது. விரலை மடக்கினால் முகம் சுருங்கும், விரித்தால் மலரும். பெரும்பாலும் வலது கை தலைக்குள் போய்விடுவதால், கையில் மாட்டிய கம்பியை ஆட்ட இடது கைதான் மிச்சம். அந்தப் பொம்மைகள் பலவும் இடக்கைப் பழக்கம் உள்ளவையாக இருப்பதற்கு அதுவே காரணம். ஹென்சன் குழுவில் பொம்மை செய்தவர்களில் டான் சாலின் என்பவர் முக்கியமானவர். கண்மணிகளைச் சற்றே மூக்கை நோக்கி உள்வாங்கி வைப்பது அவருடைய வழக்கம். கண்ணும் மூக்கும் சேர்ந்து ஒரு முக்கோணமாக நிற்கும். அந்த அளவு சரியாக அமைந்துவிட்டால் பொம்மை எதையோ உற்றுப் பார்க்கிறது என்று நமக்குத் தோன்றும். பார்க்கிறது என்று தோன்றிவிட்டால், அது யோசிக்கிறது என்றும் தோன்றும். அந்த யோசனை பொம்மையிடம் இல்லை. நாம் கொடுப்பது.

தவளை தலையை மட்டும் மெல்லத் தாழ்த்தும் இடம் ஒன்று உண்டு. அங்கே அது அழுதது என்று பந்தலில் இருந்த எல்லாரும் சொன்னார்கள். நான் மறுபடி பார்த்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. துணி மடங்குகிறது, அவ்வளவுதான். மனித நடிகர் அழும்போது நாம் பார்க்கிறோம். பொம்மை தலை தாழ்த்தும்போது அழுகிற வேலை நம்மிடம் வந்துவிடுகிறது. அந்த வேலையைச் செய்த பிள்ளைக்கு அது மறக்காது.

இது எங்களுக்கு முன்னாலேயே பழகியது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். டெக் வருவதற்கு முன்னால் எங்கள் பக்கம் தோல்பாவைக்கூத்து வந்தது. வீட்டில் மராத்தி பேசுகிற, கூத்தில் தமிழ் பேசுகிற மண்டிகர்கள் ஊர் ஊராக வந்து கூடாரம் போடுவார்கள். 1676ல் தஞ்சையில் மராட்டியர் ஆட்சி வந்ததை ஒட்டித் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் இவர்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. மு. ராமசாமி, அ.கா. பெருமாள் போன்றவர்கள் இந்தக் கூத்தைத் தேடித் திரிந்து எழுதிவைத்திருக்காவிட்டால் பாதி விஷயம் நமக்குக் கிடைத்தே இருக்காது. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, உருவம் வெட்டி, துளையிட்டுச் சாயம் ஏற்றிய பாவைகள். முன்னால் வெள்ளை வேட்டி, பின்னால் விளக்கு. ராமன், சீதை, ராவணன், அனுமன் எல்லாருக்கும் ஒரே ஆள் குரல் கொடுப்பார். வீட்டாரே பின்னால் உட்கார்ந்து ஆர்மோனியமும் மிருதங்கமும் வாசிப்பார்கள். மழை கேட்டு இந்தக் கூத்தை வைக்கிற வழக்கமும் தெற்கே உண்டு. எங்கள் மாவட்டம் மழைக்கு எப்படி ஏங்கும் என்பது தெரிந்ததுதானே.

ராமாயணம்தான் பெரும்பாலும் ஆடுவார்கள். சேது கட்டும் கட்டம் வரும்போது குரங்குகள் கல்லைத் தூக்கிக்கொண்டு திரையில் ஓடும். நான் அதை உச்சிப்புளியில் என் அப்பத்தா மடியில் உட்கார்ந்து பார்த்தேன். பாட்டு நின்ற இடைவெளியில் நிஜக் கடல் இரையும். எந்தக் கடல்மேல் பாலம் கட்டுகிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆனால் பிள்ளைகள் காத்திருப்பது ராமனுக்காக இல்லை, உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும்தான். கதையோடு சம்பந்தமே இல்லாமல் நடுவில் வந்து அடித்துக்கொள்கிற இரண்டு கோமாளிகள். உளுவை மீனைப் பிடித்துப் பார்த்த பிள்ளைகளுக்கு அந்தத் தலையைப் பார்த்ததுமே சிரிப்பு வந்துவிடும். ஊர்க்காரர் பெயர், ஊர்ச் சண்டை, அன்றைய சந்தை விலை எல்லாம் இவர்கள் வாயில்தான் வரும். பாவை அதேதான். பேச்சு மட்டும் ஒவ்வொரு ஊருக்கும் வேறு.

திரைக்குப் பின்னால் போய்ப் பார்க்காத பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. ஒரு மனிதர் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து இரண்டு கையிலும் இரண்டு பாவையைப் பிடித்து இரண்டு குரலில் சண்டை போடுவதைப் பார்த்துவிட்டு, மறுபடி முன்னால் ஓடிவந்து உட்கார்ந்து அதே சண்டைக்கு விழுந்து விழுந்து சிரிப்போம். 'மரப்பாவை நாணால் உயிர்மருட்டி அற்று' என்கிறது குறள். கயிற்றை இழுத்து, உயிர் இருப்பதாக மயக்குவது. நாணம் இல்லாதவர்களைக் கண்டிக்க வள்ளுவர் அந்த உவமையைச் சொன்னார். கயிறு தெரிந்த பிறகும் மயங்கச் சம்மதித்து உட்காருகிற பிள்ளைகளை எங்கள் ஊர்க் கூடாரத்தில் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

ஹென்சன் ஆட்களும் இதே சம்மதத்தை நம்பித்தான் வேலை செய்திருக்கிறார்கள். சதுப்பு நிலக் காட்சிக்காக ஹென்சன் தண்ணீருக்குள் மூழ்கிய இரும்புத் தொட்டி ஒன்றில் மடங்கி உட்கார்ந்தார். காற்றுக்கு ஒரு குழாய், படம் எப்படி விழுகிறது என்று பார்க்க உள்ளே ஒரு சின்ன டிவி. மேலே ரப்பர் உறை வழியாக நீட்டிய கைதான் பாடுகிற தவளை. சைக்கிள் காட்சியில் மேலே கிரேனிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கயிறுகள் சைக்கிளைப் பிடித்து ஓட்டின. கடைசிக் காட்சியில் 250க்கும் மேற்பட்ட பொம்மைகள் ஒன்றாகப் பாடுகின்றன. அதற்கு மட்டும் வெளியிலிருந்து 137 பொம்மலாட்டக்காரர்களை வரவழைத்தார்கள். ஒரே மனிதர் முழு ராமாயணத்தையும் இரண்டு கையால் ஆடியதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த எண்ணைப் படித்ததும் வேட்டித் திரைக்குப் பின்னால் இருந்தவர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

இப்போது குரல். பந்தலில் எல்லாரும் தவளையின் வசனங்களைத் தமிழில் சொன்னார்கள். "நான் பாட்டுக்கு செவனேன்னு இருந்தேன், என்னய ஏன்ப்பா தொரத்துற?" என்பது ஒன்று. அந்தப் படம் எங்களுக்குத் தமிழில் வரவே இல்லை. ராமநாதபுரத்தில் இங்கிலீஷ் மீடியம் படித்துக்கொண்டிருந்த காக்காவின் தம்பி டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, படம் ஓட ஓட, அதுவாகவே பேசினார். எங்களை விட நாலைந்து வயசுதான் கூட. எங்களுக்கு அவர் சின்னக் காக்கா. புரிந்ததை மொழிபெயர்த்தார், புரியாததை இட்டுக்கட்டினார். கரடிக்கு மண்டபம் ஸ்டேஷனில் வடை விற்கிறவரின் குரல். கதாநாயகியான பன்றியின் பெயரை அந்த வீட்டில் வாயால் சொல்ல முடியாது, அதனால் அவள் 'தங்கமுடி மாமி' ஆனாள். இன்றைக்கும் அங்கிருந்த யாருக்கும் அவள் மாமிதான்.

மனித நடிகர்கள் படத்துக்கு இப்படிக் குரல் கொடுத்தால் ஒட்டாது. உதடு ஒன்று சொல்லும், காது ஒன்று கேட்கும். இந்தப் பொம்மைகளின் வாயோ ஒவ்வொரு அசைக்கும் ஒரு தரம் திறந்து மூடுவது மட்டும்தான். ப-வுக்கும் ம-வுக்கும் உதடு கூடுவது, ஓ-வுக்குக் குவிவது எதுவும் கிடையாது. அதனால் எந்த மொழியையும் அது ஏற்றுக்கொள்ளும், ராமநாதபுரத்துத் தமிழையும். உளுவத்தலையன் ஊருக்கு ஊர் வேறு பேச்சுப் பேசியது போலவே, அமெரிக்கத் தவளை எங்கள் மாடியில் எங்கள் பேச்சைப் பேசியது.

பயத்துக்கும் ஊரில் ஒரு வேர் இருந்தது. தவளைக்கால் கடைக்காரர் துரத்துவது அமெரிக்கப் பிள்ளைக்கு வேடிக்கையான கற்பனையாக இருந்திருக்கலாம். இந்தியாவிலிருந்து அப்போது தவளைக்கால் கப்பலேறிக்கொண்டிருந்தது. பூச்சியைத் தின்னும் தவளை குறைந்தால் வயலில் பூச்சி பெருகும் என்ற எதிர்ப்பு வளர்ந்து, 1987ல்தான் அரசு அந்த ஏற்றுமதியை நிறுத்தியது. இரவில் விளக்கடித்துத் தவளை பிடித்துச் சாக்கில் கட்டிப் போன கதைகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தோம். மஞ்சள் தவளைக்காரர் அன்றைக்குப் படம் முடிந்ததும் கண்மாய்க்குப் போய்க் கல்லெறிந்து தவளைகளைத் தண்ணீருக்குள் விரட்டினாராம், யாரும் பிடித்துப் போகாமல் இருக்க. இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை, நாங்களும் சிரிக்கவில்லை.

கேசட் ரொம்ப நாள் இருக்கவில்லை. உப்புக்காற்றும் ஈரமும் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சையைப் படரவிட்டன. ஓட்டினால் டெக்கின் ஹெட் அடைத்துக்கொள்ளும், ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் இன்னும் பத்து நிமிஷம் ஓடும். கடைசியில் அதுவும் இல்லை. அதற்கப்புறம் அந்தப் படம் எங்கள் வாயில் மட்டும்தான் இருந்தது. ஒருவேளை அதனால்தான் இவ்வளவு வளர்ந்ததோ என்னவோ.

அன்றைக்குச் சின்னக் காக்காவும் கல்யாணத்துக்கு வந்திருந்தார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. வளைகுடாவில் முப்பது வருஷம் கணக்கெழுதிவிட்டுத் திரும்பியவர். அவரை நடுவில் உட்காரவைத்து, "தவளை பேசுறத ஒருதடவ பேசிக் காட்டுங்க காக்கா" என்றோம். அவருக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. படம் பார்த்தது ஞாபகம் இருக்கிறது, பேசியது இல்லை. "நானா? அப்படியா சொன்னேன்?" என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். நாங்கள் அவருடைய வசனங்களை அவருக்கே எடுத்துக் கொடுத்தோம். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துவரவில்லை. சென்னைக்காரர் தன் போனில் படத்தைத் தேடி எடுத்து அவர் கையில் கொடுத்தார். சதுப்பு நிலம், கட்டை, பச்சைத் தவளை. பாட்டு தொடங்கியது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். பந்தலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் வந்து அவர் தோள் மேல் சாய்ந்தார்கள்.